தொப்பி கேட்கிறதா? வீட்டில் பாட்டு கேட்கப் பழகும் முறை

சேலம் அம்மாபேட்டைப் பக்கம் குடியிருப்பவர்களுக்குத் தறிச் சத்தம் காதில் விழுவதே இல்லை. அது நின்றால்தான் தெரியும். நம் வீட்டில் ஓடும் பாட்டுக்கும் பெரும்பாலும் இதே கதிதான்.

முதலில் பாட்டே போடாமல் ஐந்து நிமிடம் உட்காருங்கள். ஃபிரிட்ஜ், ஃபேன், தெருவில் போகும் வண்டி என்று ஒவ்வொரு சத்தமாகப் பிரித்துப் பாருங்கள். அப்புறம் ஃபேனை நிறுத்திவிடுங்கள். சேலத்துச் சித்திரை வெயிலில் இப்படிச் சொல்வது கொடுமைதான், அதனால் விடியற்காலையில் வைத்துக்கொள்ளுங்கள். ஏற்காட்டுக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

அடுத்து ஸ்பீக்கர். இரண்டுக்கும் நடுவே 6 அடி என்றால், ஒவ்வொன்றிலிருந்தும் 6 அடி தள்ளி உட்காருங்கள். ட்வீட்டர், அதாவது கீச்சொலிகளைத் தரும் சின்ன வட்டம், காது மட்டத்தில் இருக்கட்டும். மூலையில் ஒட்டி வைத்தால் பேஸ் (தாழ்ந்த ஒலி) வீங்கிவிடும், சற்று முன்னால் இழுங்கள். பேஸ் பூஸ்ட், ஈக்வலைசர் எல்லாவற்றையும் அணையுங்கள். சரியாக அமைந்தால் பாடகர் குரல் ஸ்பீக்கரே இல்லாத நடு இடத்திலிருந்து வரும். கை தட்டினால் அறை கணகணக்கிறதா? கனமான திரைச்சீலை போடுங்கள், சுவரோரம் ஒரு மெத்தையைச் சாய்த்து வைத்தாலும் போதும்.

இனி ஒரு கச்சேரிப் பதிவில் மூன்று நிமிடப் பகுதியை எடுத்துத் திரும்பத் திரும்பக் கேளுங்கள். முதல் சுற்றில் தம்பூரா மட்டும். பாடகர் மூச்சு வாங்கும் இடைவெளியில் அது வெளியே வரும், அங்கிருந்து பிடித்துக்கொண்டு குரலுக்கு அடியிலும் தொடருங்கள்.

இரண்டாம் சுற்று மிருதங்கத்துக்கு. இதில்தான் சுவாரஸ்யம். நடுவில் கரணை என்ற கருப்பு வட்டம் உள்ள வலது முகமான வலந்தலை கணீரென்று ஒலிக்கும். ரவை பூசிய இடது முகமான தொப்பிப் பக்கம் அடிவயிற்றில் கும்மென்று இறங்கும். இதே பகுதியைப் போன் ஸ்பீக்கரில் போட்டுப் பாருங்கள்: வலந்தலை வரும், தொப்பி ஏறக்குறைய காணாமல் போகும். அவ்வளவு தாழ்ந்த ஒலிக்குத் தேவையான காற்றை அந்தச் சின்ன ஸ்பீக்கரால் தள்ள முடியாது. ஒப்பிடும்போது இரண்டின் சத்த அளவும் ஒன்றாக இருக்கட்டும். கொஞ்சம் உரக்க ஒலிப்பதே நல்லதென்று காது ஏமாந்துவிடும்.

மூன்றாவது வயலின். இதற்கு மட்டும் அதே பதிவில் மிருதங்கம் இல்லாமல் ராகத்தை விரித்துப் பாடும் ஆலாபனைப் பகுதிக்குப் போங்கள். அங்கே வயலின் பாடகருக்கு ஒரு நூலிழை பின்னால் வரும். அந்த இடைவெளியை மட்டும் கவனியுங்கள்.

பக்கத்தில் இருப்பவரிடம் குரலை உயர்த்திப் பேச வேண்டியிருந்தால் சத்தம் அதிகம், குறையுங்கள். இதெல்லாம் பிடிபட்டதும் சினிமாப் பாட்டுக்குப் போகலாம். அங்கே பேஸ் கிட்டாரைத் தேடுங்கள். பல்லவி முடிவதற்குள் பாடகர் குரல் உங்களை இழுத்துக்கொண்டு போய்விடும், மறுபடி முதலிலிருந்து போடுங்கள்.