ரத்தக்கசிவை நிறுத்தப் பழகும் பயிற்சிக் கருவிகள்: தொடங்குவோருக்கான செய்முறை விளக்கம்

கடலூர் சிப்காட் தொழிலாளர்களுக்கோ தேவனாம்பட்டினம் மீனவ இளைஞர்களுக்கோ விபத்து முதலுதவி கற்றுக்கொடுக்க முன்வருபவர்கள் முதலில் கேட்பது, எந்தப் பயிற்சிப் பொம்மையை வாங்கலாம் என்பதையே. அதற்கு முன், பயில வருபவரின் கை எதைப் பழக வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். வயது வந்தவரின் உடலில் ஏறக்குறைய 5 லிட்டர் ரத்தம்தான் இருக்கிறது. தொடையின் பெரிய தமனி அறுந்துவிட்டால் 108 ஆம்புலன்ஸ் வருவதற்குள் உயிர் பிரிந்துவிடக்கூடும் என்பதால், என் தாளில் ரத்தக்கசிவை நிறுத்துவதே முதல் வரியாக இருக்கும்.

நான் முதன்முதலில் வாங்கியது தோலில் ஒட்டும் ரப்பர் காயம். பார்ப்பதற்கு அச்சு அசலாக இருந்தது. ஆனால் அதிலிருந்து எதுவும் கசியாததால், இரண்டு விரல்களால் லேசாகத் தொட்டவர்களும் சரியாகச் செய்துவிட்டோம் என்ற நம்பிக்கையோடு வீட்டுக்குப் போனார்கள். அது இன்றும் என்னை உறுத்துகிறது. தவறாக அழுத்தினால் கசிந்துகொண்டே இருந்து, சரியாக அழுத்தினால் நிற்கிற கருவியையே தேர்ந்தெடுங்கள்.

முதல் படி, காயம் போன்ற குழியுள்ள பயிற்சிக் கட்டையைச் செய்வது. மெத்தைக் கடையில் 10 செ.மீ. கனமுள்ள ஸ்பாஞ்சுத் துண்டு ஒன்றை வாங்கி, 3 செ.மீ. அகலமும் 6 செ.மீ. ஆழமும் உள்ள குழியை வெட்டுங்கள். மீன்தொட்டிக் கடையில் கிடைக்கும் காற்றுக்குழாயைப் பக்கவாட்டில் நுழைத்து, அதன் வாய் குழியின் அடியில் திறக்கும்படி வையுங்கள். ஸ்பாஞ்சுக்கு அடியில் பலகை அவசியம். எலும்பைப் போல எதிர்த்து நிற்க ஒன்று இல்லாவிட்டால், எவ்வளவு அழுத்தினாலும் ஸ்பாஞ்சு அமுங்கிக்கொண்டே போகும். குழாயின் மறுமுனையைப் பிதுக்கக்கூடிய பாட்டிலில் பொருத்தி, சிவப்பு நிறம் கலந்த தண்ணீரை நிரப்புங்கள். சர்க்கரைப் பாகு சேர்த்தால் ரத்தம் போலவே இருக்கும், ஆனால் எறும்பு மொய்த்துவிடும்.

அடுத்தது பழகுவது. நீங்கள் நாடித்துடிப்பைப் போல விட்டுவிட்டுப் பாட்டிலைப் பிதுக்க வேண்டும். பயிலுபவர் காயத்துக்குக் கட்டும் காஸ் (gauze) துணியின் நுனியைக் கசிவு வரும் இடத்திலேயே விரலால் அழுத்திப் பிடித்து, அந்த அழுத்தத்தை விடாமல் குழி நிரம்பும்வரை துணியைத் திணித்து, பிறகு முழங்கையை மடக்காமல் இரு உள்ளங்கைகளாலும் உடல் எடையைச் செலுத்தி அழுத்த வேண்டும். சரியாகத் திணித்த கணத்தில் பாட்டில் உங்கள் கைக்குள் இறுகிப்போகும், பிதுக்க வராது. பயிற்சியில் குறைந்தது 3 நிமிடம் அழுத்தச் சொல்லுங்கள். நடுவில் துணியை எடுத்துப் பார்க்க விடாதீர்கள். மார்பு, வயிற்றுக் காயங்களில் இப்படித் திணிக்கக் கூடாது என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

மூன்றாவதாக டூர்னிக்கெட், அதாவது கை, கால்களில் கட்டி, கோலைத் திருகி இறுக்கி ரத்த ஓட்டத்தை நிறுத்தும் பட்டை. பி.வி.சி. குழாயின் மேல் ஸ்பாஞ்சைச் சுற்றினால் தொடை தயார். காயத்துக்கு 5 முதல் 7 செ.மீ. மேலே, மூட்டின் மேல் படாமல் பட்டையைக் கட்டி, கசிவு நிற்கும்வரை கோலைத் திருகி, கட்டிய நேரத்தை எழுதப் பழக்குங்கள்.

இதயம் நின்றவரின் மார்பை அழுத்தும் முதலுதவியான சி.பி.ஆர். பழகுவதற்குரிய பொம்மையைப் பிறகு வாங்கினால் போதும். 5 செ.மீ. ஆழத்தை எட்டும்போது சொடக்கு ஒலி தருவதும், கையைத் தளர்த்தியதும் மார்பு முழுமையாக எழும்புவதும் உள்ளதாகப் பாருங்கள். அழுத்தும் வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120.

கைகள் பழகிய பிறகே விபத்துக் காட்சியை நடத்துங்கள். ஒருவர் அழுத்த, மற்றவர் தொழிற்சாலையின் எந்த நுழைவாயில், எந்த யூனிட் என்று 108-க்குச் சொல்வதுபோல உரக்கச் சொல்ல வேண்டும். உண்மையில் யாருக்காவது அடிபட்டால் நிறுத்துவதற்கு "நிஜம்" என்ற சொல்லை முன்பே பேசி வையுங்கள். போலீஸ் விசாரணைக்குப் பயந்து ஒதுங்குபவர்கள் இன்னமும் இருப்பதால், சாலை விபத்தில் நல்லெண்ணத்தோடு உதவுபவருக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு தரும் பாதுகாப்பையும், தமிழக அரசின் "இன்னுயிர் காப்போம்" திட்டத்தில் சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம் என்பதையும் இங்கேயே விளக்குவது என் வழக்கம்.

முடிந்ததும் ஸ்பாஞ்சைப் பிழிந்து வெயிலில் காயவையுங்கள். நம் ஊர்க் கடற்காற்றில் ஈரத்தோடு மூடிவைத்தால் பூஞ்சை பிடித்துவிடும். பலமுறை திருகிய டூர்னிக்கெட் நெருக்கடியில் முறியக்கூடும் என்பதால், அதன் மீது "பயிற்சிக்கு மட்டும்" என்று எழுதி, முதலுதவிப் பெட்டியின் பக்கமே போகாதபடி தனிப் பையில் வையுங்கள்.