பிளஸ் ஒன்னுக்கு ஹாஸ்டலா? முதல் மாதத்தைத் தாண்டும் வழி

பத்தாம் வகுப்பு முடிந்ததும் நாமக்கல், ராசிபுரம் பக்கம் ஏதாவது ஹாஸ்டல் பள்ளியில் சேர்க்கிறார்களா? எப்படிப் படிக்க வேண்டும் என்று இந்நேரம் சொந்தக்காரர்கள் ஆளாளுக்குச் சொல்லி முடித்திருப்பார்கள், அதை விட்டுவிடுவோம். முதல் மாதம் உன்னைப் படுத்தி எடுக்கப்போவது பிசிக்ஸ் இல்லை, பக்கெட்டும் துணியும் பூட்டும்தான்.

ட்ரங்குப் பெட்டி வாங்கும்போது பூட்டு மாட்டும் கொண்டியை ஆட்டிப் பார். அது வளைந்தால் எவ்வளவு பெரிய பூட்டு போட்டும் பிரயோஜனமில்லை. ஒரு சாவி உன்னிடம், இன்னொன்று வார்டனிடம். வீட்டுக்குக் கொடுத்தனுப்பினால் தொலைகிற அன்றைக்குப் பூட்டை உடைக்க வேண்டியதுதான். பக்கெட், மக், தட்டு எல்லாவற்றிலும் பெயின்ட்டில் பெயர் எழுதிவிடு, மார்க்கர் மை தேய்ந்து போய்விடும்.

காலையில் பெல் அடித்த பிறகு எழுந்தால் பாத்ரூம் வரிசையில் கடைசி ஆள் நீதான். ராத்திரியே பக்கெட்டில் தண்ணீர் பிடித்து வைத்துக்கொண்டு, பெல்லுக்குக் கால் மணி முன்னால் குளித்துவிட்டால் ஸ்டடிக்கு ஓட வேண்டியதில்லை. போர் தண்ணீர் உப்பாக இருந்தால் சோப்பு நுரைக்காது, அதற்காக இன்னும் இன்னும் தேய்க்காதே, தோல்தான் வறண்டு போகும்.

இனி யாரும் வெளிப்படையாகச் சொல்லாத விஷயம், அரிப்பு. ஈர ஜட்டியை அவசரத்தில் அப்படியே மாட்டிக்கொண்டு போனால் தொடை இடுக்கில் படர்தாமரை வரும். அதனால் உள்ளாடை மட்டும் தாராளமாகக் கொண்டுபோ, காயாததைப் போடாதே. வந்துவிட்டால் பக்கத்து பெட்காரன் கொடுக்கும் ட்யூபைத் தடவாதே, அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் இரண்டு நாள் அடங்கின மாதிரி இருந்துவிட்டு முன்னைவிட அதிகமாகப் பரவும். விரல் இடுக்கிலும் மணிக்கட்டிலும் சின்னச் சின்னக் கொப்புளம் வந்து ராத்திரியில் அரிப்பு தாங்கவில்லை என்றால் அது அநேகமாகச் சொறி நோய் (ஸ்கேபிஸ்). டாக்டர் பெரும்பாலும் 5 சதவீத பெர்மெத்ரின் க்ரீம் எழுதுவார், கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை தடவி 8 முதல் 14 மணி நேரம் வைத்திருந்து குளிக்க வேண்டும், பொதுவாக ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. நீ மட்டும் தடவினால் போதாது, அறையில் இருக்கிற எல்லோருக்கும் ஒரே நாளில் வைத்தியம் நடக்க வேண்டும், போர்வையும் துணியும் வெந்நீரில் போக வேண்டும். வெட்கப்பட்டு மறைக்கிற ஒருத்தனால் மொத்த அறையும் சொறியும், அதனால் முதல் நாளே வார்டனிடம் சொல்லிவிடு.

மெஸ் சாப்பாட்டைப் பற்றிப் புலம்பி ஒன்றும் ஆகாது. பருப்புப் பொடி, ஊறுகாய், கொஞ்சம் நல்லெண்ணெய் இருந்தால் ஓட்டிவிடலாம். முறுக்கு, மிக்சரைப் பெட்டியில் பதுக்கினால் எறும்பு வரும், அப்புறம் நண்பர்களும் வருவார்கள். முதல் நாளே பிரித்துக் கொடுத்துவிடு, அடுத்த தடவை அவர்கள் வீட்டுப் பலகாரம் உனக்கு வரும்.

வீட்டு நினைப்பு வரத்தான் செய்யும். சேர்ந்த அன்றைக்கு விட, முதல் தடவை அம்மா அப்பா பார்க்க வந்துவிட்டுக் கிளம்புகிற ஞாயிறு சாயங்காலம்தான் மோசம். அந்த நேரத்தில் பெட்டில் போய்ப் படுக்காதே, கிரவுண்டுக்குப் போ, துணியாவது துவை. போன் பேசக் கிடைக்கிற சில நிமிடத்தில் “நல்லா இருக்கேன்” என்றே ஓட்டிவிடாமல், என்ன கேட்க வேண்டும், என்ன வேண்டும் என்று முன்பே துண்டுச் சீட்டில் எழுதி வைத்துக்கொள்.

யாராவது அடித்தாலோ, தொடக் கூடாத விதத்தில் தொட்டாலோ, அது சீனியராக இருந்தாலும் சாராக இருந்தாலும், “வெளியே சொன்னால் டிசி கொடுத்துவிடுவார்கள்” என்று மிரட்டினாலும் வீட்டில் சொல். குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கும் கூப்பிடலாம், 24 மணி நேரமும் உண்டு, காசு கிடையாது. போன் கைக்கு வராத இடமென்றால் பார்க்க வருகிறவர்களின் போனிலிருந்தே பேசு.