குமரி மாவட்டப் பயணத்துக்கு எடை குறைந்த லென்ஸ் தேர்வு

ஊர் சுற்ற லென்ஸ் வாங்குபவர்கள் ஜூம் எவ்வளவு தூரம் போகும் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். எடையைக் கேளுங்கள். (லென்ஸ் பெயரில் வரும் 24-70 போன்ற எண்கள் மி.மீ.யில் ஃபோக்கல் நீளம்: எண் சிறிதானால் காட்சி அகலும், பெரிதானால் தூரத்துப் பொருள் பெரிதாகும். எஃப் எண் சிறிதானால் வெளிச்சம் கூடுதலாகப் புகும்.) கேனான் மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத) கேமராவுக்கான 24-70, 70-200 எஃப் 2.8 ஜோடி ஏறத்தாழ 2 கிலோ. அதைச் சுமந்துகொண்டு சிதறால் மலையேறினால், மேலே சமணச் சிற்பங்களைப் பார்க்கும்போது பையைத் திறக்கவே மனம் வராது. ஏபிஎஸ்-சி (சிறிய சென்சார்) கேமராவில் 18-150 (310 கிராம்), 16 எஃப் 2.8 (165 கிராம்) இரண்டும் சேர்ந்து அரை கிலோவுக்குள் அடங்கிவிடும். மூடி, ஹூட் (வெயில் மறைப்பு), ஃபில்டர் எல்லாவற்றையும் மாட்டி, சமையலறைத் தராசில் வைத்துப் பாருங்கள். கேமரா சேராமல் லென்ஸ்கள் மட்டும் 700 கிராமைத் தாண்டினால் ஒன்றை வீட்டில் விட்டுவிடலாம்.

எதை எடுப்பது என்பதைப் போகிற இடம்தான் முடிவு செய்யும். பத்மநாபபுரம் அரண்மனையை எடுத்துக்கொள்ளுங்கள். கரிய மரம், பளபளக்கும் கருந்தரை, சிறு ஜன்னல்வழி வரும் கொஞ்சம் வெளிச்சம். எஃப் 3.5-இல் தொடங்கும் ஜூம் இங்கே திணறும். எஃப் 1.8 ப்ரைம் (ஜூம் இல்லாத லென்ஸ்) கிட்டத்தட்ட நான்கு மடங்கு வெளிச்சம் தருவதால், ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 6400 கேட்கும் இடத்தில் 1600 போதும். ஆனால் ஏபிஎஸ்-சியில் 50 மி.மீ. ப்ரைம் வேண்டாம். சுவரில் முதுகு முட்டும்வரை பின்னால் போனாலும் அறை ஃபிரேமில் அடங்காது. 11-லிருந்து 24 மி.மீ.க்குள் பாருங்கள்: சோனியில் 11 எஃப் 1.8 (181 கிராம்), நிக்கானில் 24 எஃப் 1.7 (135 கிராம்). திங்கள்கிழமை அரண்மனை விடுமுறை. கேமராவுக்குத் தனிக் கட்டணம் உண்டு. தோவாளைப் பூச்சந்தையின் அதிகாலை நெரிசலுக்கும் இதே சிறு ப்ரைம் போதும். பெரிய லென்ஸை நீட்டினால் பூக் கட்டுபவர்கள் கை நின்றுவிடும்.

கடலோரத்தில் சூரியனை எடுக்கக் கணக்கு வேறு. சூரியனின் பிம்பம் சென்சாரில் எவ்வளவு பெரிதாக விழும் என்று அறிய, ஃபோக்கல் நீளத்தை 110-ஆல் வகுத்தால் போதும். 18 மி.மீ.யில் அது வெறும் புள்ளி. 150-இல் 1.4 மி.மீ., அதாவது ஏபிஎஸ்-சி ஃபிரேம் உயரத்தில் பத்தில் ஒரு பங்கு. 250-இல் 2.3 மி.மீ.; படத்தில் சூரியன் நன்றாகவே தெரியும். 133 அடி வள்ளுவர் சிலையைக் கரையிலிருந்து ஃபிரேம் நிறைய எடுக்க 200 மி.மீ. போதும். ஆகவே 400, 600 என்று தேட வேண்டியதில்லை. நிக்கான் 50-250 வெறும் 405 கிராம்தான். ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சார்) சோனி வைத்திருப்பவர்களுக்கு டாம்ரான் 28-200 (575 கிராம்) ஒன்றே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும்.

குறையையும் தெரிந்துகொள்ளுங்கள். இந்த எடை குறைந்த ஜூம்கள் நீளமான முனையில் எஃப் 5.6, 6.3 என்று இருண்டுவிடும். விடிவதற்கு முன் கை நடுங்காமல் எடுக்க ஸ்டெபிலைசேஷன் (கை அதிர்வைச் சமாளிக்கும் வசதி) அவசியம். சிக்மா 18-50 எஃப் 2.8 (290 கிராம்) அருமையான லென்ஸ்தான்; ஆனால் அதில் அந்த வசதி கிடையாது, உங்கள் கேமராவிலாவது இருக்க வேண்டும். ஆரல்வாய்மொழிக் காற்றாலைகளின் இறக்கை அசைவை எந்த ஸ்டெபிலைசேஷனும் நிறுத்தாது. ஷட்டர் வேகத்தை 1/500 விநாடியில் வையுங்கள்.

பழைய லென்ஸ் வாங்கினால் பூஞ்சையைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். இந்த ஈரக் காற்றில் அது சீக்கிரம் பிடிக்கும். அபெர்ச்சரை (ஒளி புகும் துளையை) முழுதாகத் திறந்து, பின்பக்கமிருந்து மொபைல் டார்ச் அடித்து, முன்கண்ணாடியைச் சாய்வாகப் பாருங்கள். சிலந்தி நூல் போல கிளைவிட்ட வெள்ளைக் கோடுகள் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். லேசான தூசி பரவாயில்லை. லென்ஸை முகம் கீழே இருக்கும்படி பிடித்தால் ஜூம் தானாக நீள்கிறதா என்பதையும் கவனியுங்கள்; கழுத்தில் தொங்கவிட்டு நடக்கும்போது தொல்லை தரும்.

முட்டம், சொத்தவிளை மணலில் நின்று லென்ஸ் மாற்றவே கூடாது. வண்டிக்குள் மாற்றிவிட்டு இறங்குங்கள். கண்ணாடியில் உப்புத் துளி பட்டால் உலர்துணியால் தேய்க்காதீர்கள், காய்ந்த உப்பு கோட்டிங்கைக் கீறும். முதலில் ப்ளோயரால் ஊதி, லென்ஸ் கிளீனரில் நனைத்த துணியால் ஒற்றி எடுத்து, அதன் பிறகே துடையுங்கள். அன்றிரவே லென்ஸைக் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு போட்டு வையுங்கள்; ஜெல் நிறம் மாறியதும் புதிது மாற்றுங்கள்.