வெளிநாட்டில் வீடு வாங்கப் போகிறீர்களா? முதலில் காகிதம், அப்புறம் வீடு

விடுமுறைக்குப் போன ஊர் பிடித்துப்போகும். ஜன்னலைத் திறந்தால் கடல் தெரிகிற ஒரு ஃபிளாட்டையும் யாராவது காட்டுவார்கள். அன்று இரவே மனக்கணக்குத் தொடங்கிவிடும். சட்டம், வரி, வங்கி எல்லாம் அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வரும். சிக்கலே இந்த வரிசையில்தான். வீட்டைப் பார்ப்பதை நான் கீழே நான்காவது படியில்தான் வைத்திருக்கிறேன்.

படி 1: அந்த நாட்டில் வீடு வாங்க உங்களுக்கு அனுமதி உண்டா?

பணம் இருந்தால் எங்கும் வாங்கலாம் என்பது பலருடைய நினைப்பு. கனடா 2023 ஜனவரி 1 முதல் வெளிநாட்டவர் குடியிருப்பு வீடு வாங்குவதைத் தடை செய்தது. பிறகு அதை 2027 ஜனவரி 1 வரை நீட்டித்தது. சில விலக்குகள் உண்டு. ஆஸ்திரேலியா, ஏற்கெனவே கட்டி முடித்த பழைய வீடுகளை வெளிநாட்டவர் வாங்க 2025 ஏப்ரல் 1 முதல் 2027 மார்ச் 31 வரை தடை அறிவித்தது. நியூசிலாந்து 2018-லேயே கதவைப் பெருமளவு சாத்திவிட்டது.

சில நாடுகளில் பாதிக் கதவு திறந்திருக்கும். தாய்லாந்தில் வெளிநாட்டவர் பெயரில் பொதுவாக நிலம் வாங்க முடியாது. காண்டோமினியம், அதாவது அடுக்குமாடிக் கட்டடத்தில் ஒரு வீடு, வாங்கலாம்; ஆனால் ஒரு கட்டடத்தின் மொத்த வீட்டுப் பரப்பில் 49 சதவீதத்துக்கு மேல் வெளிநாட்டவர் கையில் இருக்கக் கூடாது. மெக்சிகோவில் கடற்கரையிலிருந்து 50 கிலோமீட்டர், எல்லையிலிருந்து 100 கிலோமீட்டருக்குள் வீடு வாங்க வேண்டுமானால் ஒரு வங்கி அறக்கட்டளை வழியாகத்தான் போக வேண்டும்: பத்திரம் வங்கி பெயரில், அனுபவிக்கும் உரிமை உங்களுக்கு.

இந்த மாதிரி இடங்களில் "உள்ளூர்க்காரர் ஒருவர் பெயரில் பத்திரம் போட்டுவிடலாம்" என்று ஒருவர் கட்டாயம் வந்து சொல்வார். வேண்டவே வேண்டாம். உங்கள் பணத்தில் அவர் வீடு வாங்கியதாகத்தான் முடியும்.

இன்னொன்று. வீடு வாங்கினால் விசா தானாக வரும் என்று நம்பாதீர்கள். போர்ச்சுகல் 2023-லும் ஸ்பெயின் 2025 ஏப்ரலிலும் வீட்டு முதலீட்டுக்குத் தந்துவந்த குடியிருப்பு அனுமதியை நிறுத்திவிட்டன. பழைய விளம்பரங்கள் மட்டும் இணையத்தில் இன்னும் உயிரோடு இருக்கின்றன.

படி 2: விலையோடு மேல் செலவையும் கூட்டுங்கள்

சொன்ன விலை பாதிக் கதைதான். சிங்கப்பூரில் 2023 ஏப்ரல் 27 முதல் பெரும்பாலான வெளிநாட்டவருக்குக் கூடுதல் முத்திரை வரி மட்டுமே 60 சதவீதம். இங்கிலாந்தில் அந்நாட்டில் வசிக்காதவர்களுக்கு 2 சதவீதம் கூடுதல். அதுபோக, உலகத்தின் எந்த மூலையில் உங்களுக்கு வேறொரு வீடு இருந்தாலும் இதை இரண்டாவது வீடாகக் கணக்கில் எடுத்து அங்கே இன்னும் வரி போடுவார்கள். ஜெர்மனியில் வாங்கும் வரி மாநிலத்துக்கு மாநிலம் 3.5 முதல் 6.5 சதவீதம் வரை மாறும். நோட்டரி (பத்திரத்தைச் சட்டப்படி உறுதிசெய்பவர்) கட்டணம், தரகு எல்லாம் தனி.

ஆண்டுதோறும் வருவதையும் எழுதிக்கொள்ளுங்கள்: சொத்து வரி, காப்பீடு, அடுக்குமாடிப் பராமரிப்புக் கட்டணம். பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கும் இவை வரும்.

படி 3: பணம் எந்த நாணயத்தில், எந்த வழியில்?

கடன் வாங்குவதாக இருந்தால் உங்கள் சம்பளம் வரும் நாணயத்திலேயே வாங்கப் பாருங்கள். போலந்திலும் ஹங்கேரியிலும் ஏராளமானோர் வட்டி குறைவு என்று சுவிஸ் ஃபிராங்க் கணக்கில் வீட்டுக்கடன் எடுத்தார்கள். ஃபிராங்க் ஏற ஏறக் கடன் பாக்கியும் ஏறியது. 2015 ஜனவரி 15 அன்று சுவிஸ் மத்திய வங்கி தன் நாணயத்துக்குப் போட்டிருந்த வரம்பை எடுத்ததும் ஃபிராங்க் ஒரே நாளில் எகிறியது. போலந்தில் கடன் கட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு வீடு அதே வீடு, தவணை மட்டும் வேறு.

பணம் எங்கிருந்து வந்தது என்று வங்கியும் வழக்கறிஞரும் நோண்டிக் கேட்பார்கள். சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு விவரம், எதையாவது விற்றிருந்தால் அதன் பத்திரம் என எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வையுங்கள். உங்கள் நாட்டிலிருந்து ஆண்டுக்கு எவ்வளவு வெளியே அனுப்பலாம் என்ற வரம்பையும் இப்போதே கேட்டுவிடுங்கள்.

படி 4: வீட்டைப் பாருங்கள்

சரி, இப்போது பார்க்கலாம். நேரில், முடிந்தால் வேறு வேறு பருவத்தில் இருமுறை. கட்டட நிபுணர் ஒருவருக்குக் காசு கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

படி 5: உங்களுக்கென்று ஒரு வழக்கறிஞர்

இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். விற்பவரோ தரகரோ கைகாட்டும் வழக்கறிஞர் வேண்டாம். ஜெர்மனி, பிரான்ஸ் போன்ற நாடுகளில் நோட்டரி கட்டாயம் இருப்பார். ஆனால் அவர் இரு தரப்புக்கும் பொதுவானவர். விலை அதிகமா, உங்களுக்கு இது லாபமா என்று சொல்வது அவர் வேலை கிடையாது.

உங்கள் வழக்கறிஞர் பார்த்துச் சொல்ல வேண்டியவை: விற்பவர்தான் உண்மையான உரிமையாளரா, வில்லங்கம் உண்டா, கட்டிய அளவும் அனுமதி வாங்கிய அளவும் ஒன்றா, நிலம் சொந்தமா குத்தகையா, குத்தகை என்றால் இன்னும் எத்தனை ஆண்டு. பழைய கடனும் பராமரிப்புப் பாக்கியும் வீட்டோடு சேர்ந்து வாங்கியவர் தலையில் விழும் நாடுகள் உண்டு. ஸ்பெயின் அதில் ஒன்று.

நீங்கள் நேரில் போக முடியாவிட்டால் பவர் பத்திரம் கொடுக்கலாம். அதற்குப் பெரும்பாலும் அப்போஸ்டில் முத்திரை (ஒரு நாட்டின் ஆவணத்தை வேறு நாடு ஏற்பதற்கான அரசுச் சான்று) கேட்பார்கள். "இந்த ஒரு வீட்டை, இந்த விலைக்குள் வாங்க மட்டும்" என்று அதிகாரத்தைச் சுருக்கி எழுதுங்கள்.

படி 6: முன்பணமும் ஒப்பந்தமும்

உங்களுக்குத் தெரியாத மொழியில் கையெழுத்துப் போடாதீர்கள். முன்பணத்தைத் தரகர் கையில் கொடுக்காமல் நோட்டரி, வழக்கறிஞர் அல்லது எஸ்க்ரோ (விற்பனை முடியும் வரை பொதுவான ஒருவர் பணத்தை வைத்திருக்கும்) கணக்கில் போடுங்கள்.

மனம் மாறினால் என்ன ஆகும் என்பது நாட்டுக்கு நாடு வேறு. பிரான்சில் முன் ஒப்பந்தம் கையில் கிடைத்தபின் வாங்குபவருக்கு 10 நாள் அவகாசம் உண்டு. காரணமே சொல்லாமல் விலகலாம். ஸ்பெயினில் வழக்கமான முன்பண ஒப்பந்தப்படி நீங்கள் விலகினால் முன்பணம் போச்சு, விற்பவர் விலகினால் இரட்டிப்பாகத் திருப்பித் தர வேண்டும். இங்கிலாந்தில் ஒப்பந்தங்களைப் பரிமாறிக்கொள்ளும் வரை யார் வேண்டுமானாலும் விலகலாம். அதற்குள் வேறொருவர் கூடுதல் விலை சொல்லித் தட்டிக்கொண்டு போவதும் நடக்கும்.

கடன் கிடைக்காவிட்டால் முன்பணம் திரும்ப வேண்டும் என்ற ஒரு வரியை ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லுங்கள்.

படி 7: பதிவு, அப்புறம் உயில்

சாவி கையில் வந்ததும் வேலை முடிந்ததாக நினைக்க வேண்டாம். ஜெர்மனியில் நிலப்பதிவேட்டில் பெயர் ஏறினால்தான் நீங்கள் உரிமையாளர். பதிவு நகலைக் கேட்டு வாங்குங்கள்.

உயில் எழுதுவதைப் பலர் தள்ளிப்போடுவார்கள். பிரான்ஸ் போன்ற நாடுகளில் பிள்ளைகளுக்கு இவ்வளவு பங்கு என்று சட்டமே ஒதுக்கி வைத்திருக்கிறது. நீங்கள் நினைத்தபடி எழுதிவைக்க முடியாமல் போகலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் பெரும்பாலான நாடுகளில் 2015 ஆகஸ்ட் 17 முதல், உங்கள் குடியுரிமை நாட்டின் வாரிசுச் சட்டமே பொருந்தட்டும் என்று உயிலில் குறிப்பிட இடம் இருக்கிறது. பதிவு முடிகிற வாரத்திலேயே அதே வழக்கறிஞரிடம் இதையும் பேசிவிடுங்கள்; உங்கள் கோப்பு அப்போது அவர் மேஜை மேலேயே இருக்கும்.