ஒரு ஸ்குவாட்ரனின் வரலாற்றை எழுதுவது எப்படி: இறக்கைக்கு அடியில் பாருங்கள்

விமானப்படையில் இருபது வருஷம் ஆயுதப் பிரிவில் வேலை பார்த்தவன் நான். குண்டு மாட்டுவது, ராக்கெட் பாட் (ராக்கெட்டுகள் அடைத்த குழல் கூடு) ஏற்றுவது, பீரங்கிக்குத் தோட்டாப் பட்டை கோப்பது, இதுதான் என் தொழில். ஓய்வு பெற்ற பிறகு பழைய ஆட்கள் கூடும் விழாவுக்கு ஒரு மலர் போடலாம் என்று முடிவாகி, யூனிட்டின் வரலாற்றை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. முதல் தடவை நான் எழுதியது வெறும் விமானப் பட்டியல். எந்த வருஷம் எந்த விமானம், எந்தத் தளம், யார் சி.ஓ. (தலைமை அதிகாரி), அவ்வளவுதான். அதைப் படித்த, காலமான எங்கள் சார்ஜென்ட் ஒருவரின் மனைவி, "இதுல எங்க வீட்டுக்காரர் எங்க இருக்கார் தம்பி?" என்று கேட்டார். மறுபடி முதலிலிருந்து எழுத ஒன்றரை வருஷம் ஆனது. அந்த ஒன்றரை வருஷத்தில் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

எங்கள் யூனிட்டை விட்டுவிட்டு, எல்லோருக்கும் தெரிந்த ஒன்றை எடுத்துக்கொள்வோம். தஞ்சாவூரில் இருக்கும் 222 ஸ்குவாட்ரன் (விமானங்களும் ஆட்களும் சேர்ந்த விமானப்படைப் பிரிவு), 'டைகர்ஷார்க்ஸ்'. 1969 செப்டம்பர் 15 அன்று அம்பாலாவில் சுகோய்-7 விமானங்களோடு தொடங்கியது. 1985 ஜூலையில் மிக்-27க்கு மாறி, மேற்கு வங்காளத்து ஹாசிமாராவில் 2011 ஜூன் வரை பறந்தது. அப்புறம் எண்ணைத் தூக்கி அலமாரியில் வைத்துவிட்டார்கள். 2020 ஜனவரியில் சுகோய்-30 எம்.கே.ஐ. விமானங்களோடு தஞ்சாவூரில் உயிர்பெற்றது.

இதை இப்படியே எழுதினால் பட்டியல்தான் வரும். ஒவ்வொரு மாற்றத்திலும் ஒரு கேள்வி கேளுங்கள்: எந்த வேலையை விட்டார்கள், எந்த வேலையைக் கையில் எடுத்தார்கள்? அதற்குப் பதில் தெரிய நான் இறக்கைக்கு அடியில்தான் முதலில் பார்ப்பேன். சுகோய்-7க்கு இறக்கை உடலோடு சேரும் இடத்தில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு 30 மி.மீ. பீரங்கிகள். கூடவே ராக்கெட்டும் குண்டும். பறப்பவர் ஒரே ஆள். எரிபொருளை அள்ளிக் குடிக்கும் எஞ்சின் என்பதால் வெகுதூரம் போக முடியாது. எல்லைக்கு அருகே, தரையில் நிற்கும் எதிரியை அடிப்பதற்காகச் செய்த விமானம் அது. மிக்-27க்கும் அதே தரைத் தாக்குதல்தான் வேலை, அதுவும் ஒற்றை ஆள் விமானம்தான். ஆனால் வயிற்றுக்குக் கீழே ஆறு குழல் பீரங்கி, நிமிடத்துக்கு 4,000 தோட்டாவுக்கு மேல் துப்பும். அந்த அதிர்ச்சியை விமானமும் தாங்க வேண்டும், பராமரிப்பவர்களும் சமாளிக்க வேண்டும். சுகோய்-30க்கு வந்தால் பீரங்கி ஒன்றே ஒன்று, அதுவும் பின்னணிக்குப் போய்விட்டது. வயிற்றின் நடுவே தொங்குவது இரண்டரை டன் எடையுள்ள பிரம்மோஸ் ஏவுகணை. 2017 நவம்பர் 22 அன்று வங்காள விரிகுடாவில் இதே வகை விமானத்திலிருந்து முதல்முறையாகக் கடல் இலக்கின் மீது ஏவிப் பார்த்தது அந்த ஏவுகணையைத்தான். விமானத்தில் இப்போது இரண்டு பேர் உட்காருகிறார்கள். பஞ்சாப் சமவெளியை மனதில் வைத்துத் தொடங்கிய எண், இன்று இந்தியப் பெருங்கடலில் கப்பலைத் தேடும் வேலையில் இருக்கிறது. வரலாறு என்றால் இந்த நகர்வைத்தான் எழுத வேண்டும். விமானத்தின் பெயர் அதற்குச் சாட்சியம், அவ்வளவுதான்.

இடைவெளிகளை மூடி மறைக்காதீர்கள். 'நம்பர் பிளேட்' செய்தார்கள் என்று படையில் சொல்வோம். ஆட்களும் விமானங்களும் கலைந்துபோய், எண்ணும் சின்னமும் பெற்ற விருதுகளும் மட்டும் காத்திருக்கும். 222க்கு அது எட்டரை வருஷம். 45 ஸ்குவாட்ரன் 2002-இல் கலைந்து, 2016-இல் தேஜஸ் விமானத்துக்காகத் திரும்பி வந்து, 2018-இல் சூலூருக்கு இடம் மாறியது. 1 ஸ்குவாட்ரனின் கதை இன்னும் சிக்கல். 1933 ஏப்ரல் 1 அன்று கராச்சியில் நான்கு வாபிட்டி விமானங்களோடு, தரைப்படைக்கு உதவும் யூனிட்டாகத் தொடங்கியது. 1944-இல், பின்னாளில் விமானப்படைத் தளபதியான அர்ஜன் சிங் தலைமையில் இம்பாலில் ஹரிக்கேன் போர் விமானங்களோடு உளவு பார்த்தது. பிரிவினையில் எண் நம் பக்கம் இல்லாமல் போய், 1953-இல்தான் வேறொரு ஸ்குவாட்ரன் அந்த எண்ணை ஏற்றது. 1953-இல் வந்தவர்களுக்கும் இம்பாலில் பறந்தவர்களுக்கும் எண்ணைத் தவிர வேறு உறவில்லை. ஆனாலும் அவர்கள் அந்த எண்ணைச் சுமந்தார்கள். இரண்டையும் மறைக்காமல் எழுதினால்தான் நியாயம்.

ஆவணம் என்றால் முதலில் ஆபரேஷன்ஸ் ரெக்கார்ட் புக், அதாவது யூனிட்டின் செயல்பாட்டுப் பதிவேடு. பிரிட்டிஷ் முறையில் அதற்குப் படிவம் 540, 541 என்று இரண்டு உண்டு. 540-இல் அன்றாட நடப்பு சுருக்கமாக இருக்கும். 541-இல் ஒவ்வொரு சார்டியும் (ஒரு விமானம் ஒருமுறை பணிக்குப் பறந்து வருவது) இருக்கும்: எந்த விமானம், யார் ஓட்டினார், எத்தனை மணிக்கு ஏறியது, எத்தனை மணிக்கு இறங்கியது, என்ன வேலை. எனக்கு 541தான் முக்கியம். 'என்ன வேலை' என்ற கட்டத்தை மாத வாரியாக எண்ணிப் பாருங்கள். வேலை மாறிய மாதம் அங்கேயே தெரியும். உத்தரவு வருவதற்கு முன்பே கூடச் சில சமயம் தெரியும். நம் நாட்டில் 2021 ஜூனில் பாதுகாப்பு அமைச்சகம் கொண்டுவந்த கொள்கைப்படி, போர்ப் பதிவேடுகள் பொதுவாக 25 வருஷத்தில் வெளிப்படையாக்கப்பட வேண்டும். அமைச்சகத்தின் வரலாற்றுப் பிரிவுக்குத்தான் அவை போய்ச் சேருகின்றன.

படங்களை நம்பும் முன் தேதியைச் சரிபாருங்கள். '1971 போரில் எங்கள் மிக்-21' என்று 17 ஸ்குவாட்ரன் பெயரில் யாராவது படம் கொடுத்தால் ஒதுக்கி வையுங்கள். அவர்கள் 1957-இலிருந்தே ஹண்டர் விமானம் ஓட்டியவர்கள், மிக்-21 வந்தது 1975-இல். இரண்டாம் உலகப் போரில் பர்மாவில் பறந்த நம் விமானத்தின் அடையாளச் சின்னத்தில் சிவப்பு வட்டம் இருந்தாலும் சந்தேகப்படுங்கள். ஜப்பான் விமானம் என்று தவறாக நினைத்துச் சுட்டுவிடக் கூடாது என்பதால் அங்கே சிவப்பை எடுத்துவிட்டு நீல நிறங்களையே பூசினார்கள்.

சரி, ஆட்களிடம் எப்படிப் பேசுவது? "போரில் என்ன செய்தீர்கள்?" என்று கேட்டால், பல தடவை சொல்லித் தேய்ந்த பதில்தான் வரும். "புது விமானம் வந்ததும் உங்கள் கையை விட்டுப் போன வேலை எது?" என்று கேட்பேன். சுகோய்-7 ஸ்குவாட்ரன் ஒன்றில் இருந்த பெரியவர் ஒருவர் இதைக் கேட்டதும் எழுந்துவிட்டார். தோளில் இருந்த துண்டை எடுத்து மேசையில் விரித்தார். அந்த விமானம் இறங்கியதும் வேகத்தைக் குறைக்க வால் பக்கம் பாராசூட் விரியும். ஓடுபாதையிலிருந்து அதை அள்ளி வந்து, உலர்த்தி, மடித்து, திரும்பப் பொதிய வேண்டும். துண்டை ஒவ்வொரு மடிப்பாக மடித்து, முழங்காலால் அழுத்தி, "காத்து ஒரு இடத்துல நின்னாலும் சரியா விரியாது" என்றார். அவருக்கு வயது எண்பதுக்கு மேல். கை தடுமாறவே இல்லை. போர்ச் செய்தி எதிலும் வராத அந்த மடிப்புக்கு என் மலரில் ஒரு பக்கம் முழுக்க ஒதுக்கினேன்.

விமானிகளை எழுத வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 17 ஸ்குவாட்ரனின் ஸ்குவாட்ரன் லீடர் அஜய் அஹூஜா 1999 மே 27 அன்று கார்கிலில், வீழ்ந்த சக விமானியைத் தேடிப்போய் உயிர் விட்டதை எழுதாமல் அந்த யூனிட்டின் கதை இல்லை. அதோடு, அன்று காலை அந்த மிக்-21ஐத் தயார்செய்து அனுப்பியவர்கள் அது திரும்பும் என்று காத்து நின்றதையும் சேர்த்து எழுதுங்கள்.

இன்று பணியில் இருக்கும் யூனிட் என்றால் கடைசி சில வருஷங்களை அரசு வெளியிட்ட செய்தியோடு நிறுத்திவிடுங்கள். எத்தனை விமானம், என்ன ஆயுதம் கையிருப்பு, பணியில் இருப்பவர்கள் யார் யார், இதெல்லாம் நண்பர் வாய்வழியாகச் சொன்னாலும் எழுதக் கூடாது.

அச்சுக்குப் போகும் முன், ஒவ்வொரு விமானக் காலத்துக்கும் ஒரு பழைய ஆளை உட்காரவைத்து, அவர் காலத்துப் பகுதியை உரக்கப் படித்துக் காட்டுங்கள். தேதியில் தப்பு இருந்தால் சிலர் விட்டுவிடுவார்கள், வேலை செய்த முறையில் தப்பு இருந்தால் விடமாட்டார்கள். அவர் குறுக்கிட்டுச் சொல்வதைப் பக்க ஓரத்தில் எழுதி, அவர் பெயரையும் அன்றைய தேதியையும் போட்டு, அந்தப் பிரதியைத் தனியே எடுத்து வையுங்கள்.