"ஊசி போட்டாச்சே!": புதுக் குட்டி வளர்ப்பவர்கள் சறுக்கும் இடங்கள்

சாக்லேட் கொடுக்காதீர்கள், தண்ணீர் வையுங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன். ஆதரவில்லாத நாய், பூனைக் குட்டிகளை வளர்த்துத் தத்துக் கொடுப்பது எனக்குப் பல வருடப் பழக்கம். வாங்கிப் போகிறவர்களைப் பார்த்தால், ஆரம்பத்தில் நான் அடித்த கூத்தை அப்படியே அடிக்கிறார்கள்.

முதல் ஊசியோடு நிம்மதியாகிவிடுவது

"ஊசி போட்டாச்சே, இனி என்ன பயம்?" இதைக் கேட்டால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. நானே சொன்ன வசனம் அது. என் முதல் நாய்க்குட்டிக்கு ஏழாவது வாரத்தில் ஒரு தடுப்பூசி போட்டுவிட்டு, ஊர் நாயெல்லாம் வந்துபோகும் மைதானத்தில் மறுநாளே இறக்கிவிட்டேன். ஒரு வாரத்தில் சாப்பாட்டைத் தொடவில்லை, அப்புறம் வாந்தி, அடுத்த நாள் ரத்தமாகக் கழிந்தது. பார்வோ. குட்டிகளின் குடலைத் தாக்கும் வைரஸ் நோய் அது. மூன்றாம் நாள் குட்டி இல்லை. அடுத்த ஊசிக்கான தேதி எழுதிய அட்டை மட்டும் மேஜையில் கிடந்தது.

பிறந்த முதல் நாளில் குடிக்கும் சீம்பால் வழியாகத் தாயின் ஆன்டிபாடிகள், அதாவது நோயை எதிர்க்கும் புரதங்கள், குட்டிக்குள் போகின்றன. அவை குட்டியைக் காப்பாற்றும், கூடவே தடுப்பூசியையும் வேலை செய்யவிடாமல் தடுக்கும். எந்த வாரத்தில் அவை குறையும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். இதில் மோசமான காலம் ஒன்று உண்டு: நிஜ வைரஸை நிறுத்தத் தெம்பில்லாமல், ஊசியை மட்டும் கெடுக்கும் அளவுக்கு அவை மிச்சமிருக்கும் சில வாரங்கள். அதனால்தான் 6 - 8 வாரத்தில் ஆரம்பித்து, 2 முதல் 4 வார இடைவெளியில், 16 வாரம் ஆகும்வரை திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். எத்தனை ஊசி என்று எண்ணாதீர்கள், கடைசி ஊசி எந்த வயதில் விழுந்தது என்று பாருங்கள். 12 வாரத்துக்குள் மூன்று போட்டிருந்தாலும் கணக்கு முடியவில்லை. பூனைக்குட்டிக்கும் இதே கதைதான். பூனைகளைக் கொல்லும் பான்லுகோபீனியா என்ற வைரஸ் நோய், பார்வோவின் பங்காளி. வீட்டை விட்டு வெளியே போகாத பூனைதானே என்றால், உங்கள் செருப்பு வெளியே போய் வைரஸை ஒட்டிக்கொண்டு வருகிறதே.

நான் அதோடும் நிற்கவில்லை. துக்கம் தாங்காமல் ஒரே மாதத்தில் இன்னொரு குட்டியைக் கொண்டுவந்து அதே பாயில் படுக்கவைத்தேன். பார்வோ தரையில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும், மண்ணில் ஒரு வருடம்கூடத் தாங்கும், வாசனைத் தரைத் திரவத்துக்கெல்லாம் சாகாது. அழுக்குப் போகக் கழுவிய தரையில், ஒரு பங்கு பிளீச்சுக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து ஊற்றிப் பத்து நிமிடம் விட வேண்டும். ஐந்து நாள் டிரிப்ஸ் ஏற்றி அந்தக் குட்டி பிழைத்தது தனிக் கதை.

அதற்காக 16 வாரம் அறைக்குள் பூட்டியும் வைக்காதீர்கள். நாய்க்குட்டி உலகத்துக்குப் பழகும் வயதே 3 முதல் 14 வாரம்வரைதான். கையில் தூக்கிக்கொண்டு போய்க் காட்டுங்கள், தரையில் விடாதீர்கள்.

"புழுவே கண்ணில் படவில்லையே"

படாது. நாய்க்குட்டிக்கு உருண்டைப்புழு கருவிலேயே வந்துவிடும், பூனைக்குட்டிக்குத் தாய்ப்பாலில் வரும். நாய்க்குட்டிக்கு 2 வாரத்திலிருந்து, பூனைக்குட்டிக்கு 3 வாரத்திலிருந்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குடற்புழு மருந்து. அளவு எடையைப் பொறுத்தது, குத்துமதிப்பாக ஊற்றக் கூடாது.

பூனைக்குப் பாராசிட்டமால்

அரை மாத்திரை போதும், செத்துவிடும்.

நாயின் உண்ணி மருந்தைப் பூனைக்குத் தடவுவது

அதில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருந்தால் பூனைக்கு வலிப்பு வரும். பங்கு போடாதீர்கள்.

சில்லிட்ட குட்டிக்கு அவசரமாகப் பால்

கண் திறக்காத குட்டி அனாதையாகக் கிடந்தால் முதலில் கை பால் டப்பாவுக்குத்தான் போகும். உடம்பு குளிர்ந்திருந்தால் வயிறு வேலை செய்யாது, பால் உள்ளேயே தேங்கும். துணி சுற்றிய வெந்நீர்ப் பாட்டிலை வைத்து மெதுவாகச் சூடேற்றுங்கள், பிறகு பால். மாட்டுப்பால் வேண்டாம், வயிற்றைக் கலக்கும். குட்டிகளுக்கென்று வரும் பால்பவுடர்தான். குழந்தையைப் போல மல்லாக்கப் போட்டு ஊட்டினால் பால் நுரையீரலுக்குப் போய்விடும், தாயிடம் குடிப்பது போலக் குப்புறப் படுக்கவிட்டே கொடுங்கள்.