1200 யாருடைய கணக்கு?

எடை குறைக்க வேண்டும் என்று யாரிடம் சொன்னாலும் முதலில் காதில் விழுவது ‘ஒரு நாளைக்கு 1200 கலோரி’ என்ற எண்தான். தோழி சொல்வார், ஜிம்மில் சொல்வார்கள், வாட்ஸாப்பில் வரும் டயட் சார்ட்டிலும் அதுதான் இருக்கும். ஐந்தே முக்கால் அடி உயரமுள்ள 25 வயது இளைஞருக்கும், ஐந்தடி உயரமுள்ள 60 வயது அம்மாவுக்கும் ஒரே எண் எப்படிப் பொருந்தும்? அடுத்தவருடைய எண்ணை அப்படியே எடுத்துக்கொள்வதுதான் பலரும் செய்கிற முதல் தவறு.

உங்கள் எண்ணை நீங்களே போட்டுப் பார்க்கலாம். மிஃப்லின் – செயின்ட் ஜியோர் என்று 1990-இல் வந்த சூத்திரம் ஒன்று இருக்கிறது. எடையை (கிலோ) 10-ஆலும், உயரத்தை (செ.மீ.) 6.25-ஆலும் பெருக்கிக் கூட்டுங்கள். அதிலிருந்து வயதின் ஐந்து மடங்கைக் கழியுங்கள். பெண் என்றால் மேலும் 161 கழிக்க வேண்டும், ஆண் என்றால் 5 கூட்ட வேண்டும். 38 வயது, 158 செ.மீ., 72 கிலோ உள்ள ஒரு பெண்ணுக்கு இது சுமார் 1356 வருகிறது. நாள் முழுக்கப் படுத்தே கிடந்தாலும் உடம்பு செலவழிக்கிற கலோரி இது. இவர் 1200-இல் இறங்கினால், மூச்சு விடவும் இதயம் துடிக்கவும் ஆகிற செலவுக்கே சாப்பாடு போதாது. சோர்வு வரத்தான் செய்யும்.

அடுத்த படியில் உழைப்புக்கு ஏற்ப இந்த எண்ணைப் பெருக்க வேண்டும்: பெரும்பாலும் உட்கார்ந்தே இருப்பவருக்கு 1.2, லேசான உடற்பயிற்சிக்கு 1.375, மிதமான உடற்பயிற்சிக்கு 1.55. இங்கே எல்லோரும் கொஞ்சம் தாராளமாகிவிடுகிறோம். காலையில் அரை மணி நேரம் நடந்துவிட்டு மீதி நாளெல்லாம் நாற்காலியில் இருப்பவர் 1.55-ஐத் தேர்ந்தெடுக்கிறார். அவருக்கு 1.2 அல்லது 1.375 போதும். மேலே சொன்ன பெண்ணுக்கு 1.375 என்றால் சுமார் 1865. அதில் 300 முதல் 400 வரை குறைத்தால் 1500-ஐ ஒட்டி வரும். அப்புறம், ஸ்மார்ட் வாட்ச் ‘இன்று 350 கலோரி எரித்தீர்கள்’ என்று காட்டினால் அதை மறுபடி சாப்பாட்டில் சேர்க்காதீர்கள். நடையின் கணக்கு அந்தப் பெருக்கலிலேயே வந்துவிட்டது.

கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், வளரும் பிள்ளைகள், சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் இந்தக் கழித்தலைத் தாங்களாகச் செய்யவே கூடாது. சாப்பாட்டைக் குறைத்து மருந்து அளவை மாற்றாமல் விட்டால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம். மருத்துவரிடம் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

சரி, எண் கிடைத்துவிட்டது. உண்மையில் பெரிய ஓட்டை விழுவது இதற்குப் பிறகுதான். 1200-க்கும் குறைவாகச் சாப்பிட்டும் இளைக்கவில்லை என்று சொன்ன பத்துப் பேரை அமெரிக்காவில் அளந்து பார்த்து, 1992-இல் முடிவை வெளியிட்டார்கள். அவர்கள் சாப்பிட்டது, எழுதிவைத்ததைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு! அவர்களைப் பொய்யர்கள் என்று நான் நினைக்கவில்லை. கண்ணளவில் சாப்பாட்டைக் கணக்குப் போடுவது அவ்வளவு கடினம்.

நம் வீட்டில் அந்த ஓட்டை எண்ணெயில் இருக்கிறது. தோசையைக் குறித்துக்கொள்வோம், அதைச் சுற்றி விட்ட எண்ணெயைக் குறிக்க மாட்டோம். ஒரு டீஸ்பூனுக்குச் சுமார் 40 கலோரி, மூன்று தோசைக்கு 120. தாளிப்பு, பொரியல், அப்பளம் எல்லாம் தனி. ஸ்பூனால் அளக்கச் சலிப்பாக இருந்தால் மாதக் கணக்கைப் பாருங்கள். நான்கு பேர் உள்ள வீட்டில் மாதம் 4 லிட்டர் தீர்கிறது என்றால், வடைச்சட்டியில் மிஞ்சிக் கொட்டியது போக, ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 270 கலோரி எண்ணெயிலிருந்து மட்டுமே போகிறது. நாம் குறைக்க நினைத்த 300 கிட்டத்தட்ட அப்படியே இங்கே இருக்கிறது.

சோற்றில் வேறு ஒரு குழப்பம். 100 கிராம் அரிசி சுமார் 350 கலோரி, 100 கிராம் சோறு சுமார் 130. அரிசியாக அளந்து போட்டுவிட்டு ஆப்பில் ‘சாதம் 100 கிராம்’ என்று பதிந்தால் ஒரே வேளையில் 220 கலோரி கணக்கில் வராமல் போகும்.

முதல் வாரத்திலேயே இரண்டு கிலோ குறைந்தால் பெரும்பகுதி தண்ணீர்தான், கலோரி அளவை இன்னும் இறக்க அது காரணமாகாது. மாதவிடாய்க்கு முன்னால் ஒரு கிலோ ஏறினாலும் அப்படித்தான், ஊறுகாயும் கருவாடும் சாப்பிட்ட மறுநாளும் அப்படித்தான். தினமும் காலையில் ஒரே நேரத்தில் எடை பார்த்து, வார சராசரியைக் குறித்து வாருங்கள். மூன்று, நான்கு வாரம் சராசரி அசையவே இல்லை என்றால், முதலில் எண்ணெயையும் அரிசியையும் மறுபடி அளந்து பாருங்கள். அளவு சரியாக இருந்தால் மட்டும் 100 கலோரி குறையுங்கள்.

எடை குறைந்த பிறகு கணக்கைத் திரும்பப் போடுவதும் பலருக்கு மறந்துவிடுகிறது. 72 கிலோ இருந்தவர் 64-க்கு வந்தால் அவருடைய அன்றாடச் செலவும் 1865-இலிருந்து 1755-க்கு இறங்கிவிடும். ஐந்தாறு கிலோ இறங்கியதும் பேனாவை எடுத்துப் புதிய எடையை வைத்து மறுபடி பெருக்குங்கள்.